அடுப்படி எட்டாவது வார்டு

கண்ணாடியை எடுத்துட்டு வரலை இந்த மனுஷன். இங்கிருந்தே தெரியுது, சட்டைப் பை தட்டையாக் கெடக்கு. பூத் சிலிப்பை மடிச்சு விசிறிக்கிட்டு ஏழாவது வார்டு ஆம்பளைங்க வரிசையில நிக்கிறார், என்னமோ பஸ் வரக் காத்திருக்கிற மாதிரி. நான் எட்டாவது வார்டு பொம்பளைங்க வரிசையில நிக்கிறேன். நடுவுல பிள்ளைங்க கை கழுவுற குழாய் வரிசை, அவ்வளவுதான். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வராண்டா, காலையில ஒரே சட்டி உப்புமாவைத் தின்னுட்டு ஒண்ணாத்தான் கெளம்பி வந்தோம், கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் போலீஸ்கார அம்மா சிலிப்பை வாங்கிப் பார்த்துட்டு நீங்க இந்தப் பக்கம், ஐயா அந்தப் பக்கம்னு பிரிச்சு விட்டுருச்சு. முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தை இவ்வளவு சுளுவா யாரும் பிரிச்சதில்லை. சரி, அது கெடக்கட்டும், கண்ணாடி எங்க? டிவி மேல இருக்கும். இல்லைன்னா பாத்ரூம் ஜன்னல்ல. கண்ணாடி இல்லாம வந்திருக்கார்னா என்ன அர்த்தம்? எதையும் தேடிப் படிக்கப் போறதில்லைன்னு அர்த்தம். மேல மொதல் எடத்துல இருக்கிறதைக் குத்திட்டு வரப்போறார், வழக்கம்போல. கண்ணைக் கட்டி உள்ள விட்டாலும் நம்ம சின்னத்தைக் குத்திருவேன்னு பெருமையடிக்கிற ஆளாச்சே. ஜெயக்கொடி அஞ்சாவது எடத்துல இருக்கா. இஸ்திரிப்பெட்டி சின்னம். எதுத்த வீட்டு ஜெயக்கொடி, மாவுக்கடை ஜெயக்கொடி, ரெண்டு மாசமா கால் தேயத் தேய அலைஞ்ச என் ஜெயா. நாலாவது எடத்துல இன்னொரு ஜெயக்கொடி, படகு சின்னம். அவ யாரு, எந்த ஊரு, கறுப்பா சிவப்பா, எவளுக்கும் தெரியாது. அதே பேர்ல ஒருத்தியை எங்கேயோ தேடிப் புடிச்சுக் கொண்டாந்து நிறுத்தியிருக்கானுங்க. படகையும் இஸ்திரிப்பெட்டியையும் நகத்தளவுக்கு வரைஞ்சா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு, நான் மாதிரிச் சீட்டுல பார்த்தேனே. கண்ணாடி போட்ட எனக்கே ஒரு நிமிஷம் ஆச்சு. கண்ணாடி இல்லாத இவருக்கு? அட, இவர் எங்க அங்க வரைக்கும் எறங்கப் போறார்.

கூப்பிட்டுச் சொல்லிறலாமா? சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்னுதானே ரெண்டு மாசமா வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன். வெயில் சுள்ளுனு ஏறுது, முன்னாடி நிக்கிற பொண்ணோட தலையில கனகாம்பரம், அதுல ஒரு எறும்பு. எறும்புக்கு வார்டு இல்லை. எனக்கு ரெண்டு கட்சியும் ஒண்ணுதான், பேரைச் சொன்னா சண்டை வரும், அதனால நான் மனசுக்குள்ள மாமியார் கட்சி, நாத்தனார் கட்சின்னு பேர் வெச்சிருக்கேன். மாமியார் வந்தா நாத்தனார் வெச்சதெல்லாம் சரியில்லைம்பா, நாத்தனார் வந்தா மாமியார் வெச்சதையெல்லாம் எடுத்துப் போடுவா. ரெண்டு பேரும் முடியைப் பிடிச்சுக்கிட்டுச் சண்டை போடுவாங்க, பாத்திரம் என்னமோ நாமதான் கழுவணும். ஆனா நகை பிரிக்கிற அன்னைக்கு மட்டும் பாரு, ரெண்டும் ஒரே பாயில உக்காந்திரும். வார்டு பிரிச்ச அன்னைக்கு அப்பிடித்தான் உக்காந்திருந்துச்சு. போன தடவை ஜெயா சுயேச்சையா நின்னு, மயிரிழையில தோத்தா. ரெண்டு கட்சிக்காரனும் அன்னைக்குத்தான் பயந்தான். எங்க வீட்டுப் பின்பக்கச் சந்து மொத்தமும் அவளுக்குப் போட்டிருக்குன்னு பூத் கணக்கைப் பார்த்துக் கண்டுபிடிச்சானுங்க. அடுத்த தடவை வார்டு வரைபடம் நகராட்சிச் சுவத்துல ஒட்டினப்போ பார்த்தா, ஏழாவது வார்டு ஆட்டுக்குடல் மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு போகுது. ஜெயா வீடு இருக்கிற எங்க தெருவை மட்டும் கவ்விக்கிட்டு, மீன் மார்க்கெட்டுக்குப் பின்னாடி பூந்து, ரயில்வே கேட்டைத் தாண்டி, எங்கேயோ புதுசா வந்த ஒரு நகர்ல போய் முடியுது. எங்க சந்து? அதை நறுக்கி எட்டாவது வார்டுல போட்டாச்சு. ஜெயாவும் நானும் ஆட்சேபணைக் கூட்டத்துக்குப் போனோம். ஜனத்தொகையைச் சமமாப் பிரிச்சிருக்கோம்மா, கம்ப்யூட்டர் பிரிச்சதும்மா, அப்பிடின்னார் அந்த அதிகாரி, எங்க மூஞ்சியப் பார்க்காம. எங்களுக்குப் பின் பெஞ்சுல மாமியார் கட்சி வட்டச் செயலாளரும் நாத்தனார் கட்சி வட்டச் செயலாளரும் ஒரே தாள்ல பஜ்ஜி வெச்சுத் தின்னுக்கிட்டிருந்தாங்க. மொதல் நாள் சாயந்தரம் கொடிக்கம்பத்துக்காக மண்டையை உடைச்சுக்கிட்டவனுங்க! எனக்கு வந்த ஆத்திரத்துல அந்தப் பஜ்ஜியைப் பிடுங்கி எறியணும்போல இருந்துச்சு. ஜெயா என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வந்தா. "விடுக்கா, நிக்கிறதுன்னு முடிவு பண்ணியாச்சு, வளைச்சாலும் நிப்போம், நெளிச்சாலும் நிப்போம்"னா. சொல்லிட்டு, பஸ் ஸ்டாண்டுல ஓரமாத் திரும்பி நின்னு மூக்கைச் சிந்தினா. நான் பார்க்காத மாதிரி கரும்புச்சாறு வாங்கினேன்.

வரிசை ஒரு அடி நகருது. அவர் வரிசை ரெண்டு அடி. ஆம்பளைங்களுக்கு எல்லாமே சீக்கிரம்தான். கழுத்தைப் பாரு, எப்பிடி மெலிஞ்சு போச்சு, காலர் தனியா நிக்குது. எட்டாவது வார்டுல நான் எப்பிடி வந்தேன்னு கேட்டா அதுக்கும் இந்தப் புண்ணியவான்தான் காரணம். எங்க வீடு தெருவுல ஆரம்பிச்சுச் சந்துல முடியுற நீட்டு வீடு. முன்வாசல் தெருவுக்கு, பின்வாசல் சந்துக்கு. கண்டக்டர் வேலை பார்த்த ஆளு, சில்லறையில கில்லாடி. யாரோ பஸ்ல சொல்லியிருக்கான், வீட்டை ரெண்டு போர்ஷனாக் காட்டினா ரெண்டு கரண்டு மீட்டர் வாங்கலாம், ரெண்டு மீட்டருக்கும் இலவச யூனிட் தனித்தனியாக் கெடைக்கும்னு. இவர் விட்டுருவாரா? அடுப்படியையும் பின் ரூமையும் தனி போர்ஷனாக்கி, சந்து கதவு நம்பர்ல என் பேருக்கு எழுதி, மீட்டர் மாட்டி, ரேஷன் கார்டையும் பிரிச்சு, ஓட்டர் கார்டு வரைக்கும் என்னைச் சந்துக்கு மாத்தி விட்டுட்டார். அன்னைக்கு என்ன பவிசு! மிச்சரும் காராசேவும் வாங்கிட்டு வந்து, "பூரணம், இனிமே நீ தனி வீட்டுக்காரி"ன்னார். ஆமா, ஒரு ஃபேனும் ஒரு கிரைண்டரும் உள்ள தனி வீட்டுக்காரி. இப்போ பாரு, கோடு கிழிச்சவன் எங்க வீட்டுக்குள்ளேயே கிழிச்சிருக்கான். ஹால் ஏழாவது வார்டு, அடுப்படி எட்டாவது வார்டு. அவர் ஹால்ல உக்காந்து காப்பி கேட்டா நான் வார்டு விட்டு வார்டு கொண்டு போய்க் கொடுக்கிறேன். இதைச் சொல்லிச் சிரிச்சுத் தீரலை எங்களுக்கு. ஜெயா மட்டும் மொதல் தடவை சிரிக்கலை. "அப்போ உன் ஓட்டு எனக்கு இல்லையாக்கா?"ன்னு கேட்டா. சின்னப் புள்ள மாதிரி கேட்டா.

"என்ன அநியாயம்க்கா இது!" உள்ள போய் ஓட்டுப் போட்டுட்டு வெளிய வந்த முத்துப்பேச்சி நேரா என்கிட்ட வர்றா. சந்துல பூக்கட்டுறவ. மை வெச்ச விரலை என் மூஞ்சிக்கு நேரா நீட்டுறா. "மிஷின்ல இஸ்திரிப்பெட்டியே இல்லக்கா. மேலயும் கீழயும் தேடுறேன், ரெண்டே ரெண்டு பேருதான் இருக்கு. யாரும் வேண்டாம்னு சொல்ற பொத்தானாவது இருக்கான்னா அதுவும் இல்ல. ஜெயாக்கா பேரை அழிச்சுட்டானுங்களா?"

"அழிக்கலைடி. நாமதான் அவ வார்டுல இல்லை. ஜெயாவே வீடு வீடா வந்து சொன்னாளே."

"சொன்னுச்சு. ஓட்டு உனக்குத்தான்க்கான்னு நான் சொன்னேன், அது சிரிச்சுச்சு. நான் சும்மா சொல்லுதுன்னு நெனைச்சேன். ஒரே சந்துத் தண்ணியைப் புடிக்கோம், அதெப்படிக்கா ஓட்டு மட்டும் வேற?"

"யாருக்குப் போட்ட?"

"போங்கக்கா, அதைச் சொல்லலாமா?" மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறா. நான் ஏன் கேட்டேன்? கேக்க மாட்டேன்னு வாழ்ந்தவ நான். கல்யாணமாகி வந்த மொத தேர்தல்ல மாமனார் எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வெச்சு, இன்ன சின்னம்னு சுவத்துல கரியால வரைஞ்சு காட்டினார், பிள்ளைங்களுக்கு அ, ஆ எழுதிக் காட்டுற மாதிரி. சரி மாமான்னேன். உள்ள போய் எனக்குப் பிடிச்சதைக் குத்திட்டு வந்தேன். அட, அந்தச் சுகம் இருக்கே! குடிக்கிற தண்ணியிலிருந்து கட்டுற சேலை வரைக்கும் எல்லாம் இன்னொருத்தர் பார்த்து எடுத்தது, அந்த ஒரு குத்து மட்டும் என்னோடது. அன்னையிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஆளைப் பார்த்துத்தான் போடுவேன், மாமியாரும் கெடையாது நாத்தனாரும் கெடையாது, பாதி நேரம் டெபாசிட் போன ஆளுக்குத்தான் போட்டிருப்பேன், ஆனா நிம்மதியாத் தூங்குவேன். யாருக்குப் போட்டேன்னு இவர்கிட்ட சொன்னதில்லை. யாருக்குப் போடுன்னும் சொன்னதில்லை. இவரும் என்கிட்டச் சொன்னதில்லை, ஊருக்கே தெரிஞ்ச ரகசியம் அது, எதுக்குச் சொல்லணும். அப்பிடி இருந்துட்டு இன்னைக்குப் போய் இவர் கையைப் பிடிச்சு, என்னங்க, அஞ்சாவது பொத்தான், இஸ்திரிப்பெட்டின்னு சொன்னா, மாமனாரோட கரிக்கட்டையை நான் எடுத்துக்கிட்டேன்னு ஆகிப்போகும். சொல்ல மாட்டேன். ஆனா ஜெயா ஒரு ஓட்டுல தோத்துட்டா? ஒரே ஒரு ஓட்டு. அந்த ஒரு ஓட்டு எங்க வீட்டு ஹால்லதான் கெடந்துச்சு, அதைக் கேக்காம விட்டுட்டேன்னு தெரிஞ்சா எப்பிடி அவ மூஞ்சியில முழிப்பேன்? மாவு வாங்கப் போகணுமே, தெனமும். குழாய்ல தண்ணி வருதான்னு பார்த்தேன், காத்துதான் வருது.

இவருக்கும் ஜெயாவுக்கும் ஆகாது. ஆகாதுன்னா பெரிய பகை இல்லை, வாய்ச்சண்டை. மாவு புளிக்குதுன்னு இவர் சொல்லுவார், பிரிட்ஜ் வாங்க வக்கில்லாத வீட்டுல புளிக்கத்தான் செய்யும்னு அவ சொல்லுவா. பிரிட்ஜ் வாங்கின பிறகும் ரெண்டு பேரும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. ஆனா அன்னைக்கு நெஞ்சு வலின்னு இவர் ஹால்ல சாஞ்சப்போ வந்தவ யாரு? தெருவும் சந்தும் சேர்ற முக்குல சாக்கடைக்குத் தோண்டின குழி மாசக்கணக்காத் திறந்து கெடக்கு. ஏழாவது வார்டுக்காரன் அது எட்டும்பான், எட்டாவது வார்டுக்காரன் அது ஏழும்பான். ஆட்டோ குழிக்கு அந்தப் பக்கமே நின்னு ஹாரன் அடிக்குது. இவர் வேர்த்து நனைஞ்சு கெடக்கார், நான் எதுவும் தோணாம இவர் வாட்ச்சைக் கழட்டிக்கிட்டு நிக்கிறேன், எதுக்குக் கழட்டினேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. ஜெயா மாவுக்கடைப் பலகையைத் தூக்கிட்டு ஓடிவந்து குழி மேல போட்டா, இவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோட தூக்க வெச்சு, தானும் ஒரு கால் பிடிச்சா. பலகையில ஒட்டியிருந்த மாவு இவர் வேட்டியெல்லாம். அந்த நெலையிலயும் இவர் கண்ணைத் திறந்து, "பூரணம், புளிச்ச வாடை அடிக்குது"ன்னார். ஜெயா அழுதுக்கிட்டே திட்டினா. ஆஸ்பத்திரியில நான் உக்காந்து நெனைச்சதெல்லாம் ஒண்ணுதான், அந்தப் பலகை இல்லைன்னா? இன்னைக்கும் அந்தக் குழி திறந்துதான் கெடக்கு. மறுபடி ஒரு தடவை வலி வந்துச்சுன்னா, நாத்தனார் வருவாளா, மாமியார் வருவாளா? அந்தக் குழிக்காகவும்தான் ஜெயா இந்தத் தடவை நிக்கிறா. அதை இவர்கிட்டச் சொல்லிக் காட்டலாம், உங்க உசிரைக் காப்பாத்தினவ இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும். ஆனா அது கேக்குற கேள்வியா? அது கழுத்தைப் பிடிக்கிற கேள்வி. அப்பிடி வாங்கின ஓட்டு ஜெயாவுக்கும் வேண்டாம். அவளும் இவர்கிட்ட வந்து ஓட்டுக் கேக்கலை. தெருவுல எல்லா வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுத்தா, எங்க முன்வாசல்ல மட்டும் கொடுக்காமத் தாண்டிப் போனா. இவர் அதைப் பேப்பர் படிக்கிற மாதிரி ஓரக்கண்ணால பார்த்தார். நான் அடுப்படியிலிருந்து, அதாவது எட்டாவது வார்டுலிருந்து, பார்த்தேன்.

நகருது, நகருது. இவருக்கு முன்னாடி இன்னும் மூணு பேர். எனக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். என்னமோ இவர் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போற மாதிரி இருக்கு எனக்கு. திரும்பிப் பார்க்கக்கூட மாட்டேங்கிறாரே. முப்பத்தெட்டு வருஷமா எதுக்கெடுத்தாலும் பூரணம் பூரணம்னு கத்துற மனுஷன், இன்னைக்குன்னு பார்த்து வாயில கொழுக்கட்டை. காலையில உப்புமாவுக்குக் கூட உப்புப் பத்தலைன்னு சொல்லலை. பத்தலை, நானே தின்னு பார்த்தேன். என்ன யோசனையில தின்னார்? ரெண்டு பேருதான் முன்னாடி. சரி, சொல்லிருவோம். ஒரே வார்த்தை, அஞ்சுன்னு விரலைக் காட்டுவோம், அவர் புரிஞ்சுக்குவார். கையைத் தூக்கு, பூரணம். தூக்க முடியலை. முதுகைப் பார்க்கிறேன், சட்டையில நான் போட்ட இஸ்திரி இன்னும் கலையலை, அந்த முதுகுக்குள்ள இருக்கிறது அவரோடது, நான் எப்பிடி உள்ள பூந்து கையை விடுவேன்? போகட்டும். மாமியாருக்கே போடட்டும். அவங்கப்பாவுக்கும் அதான் சின்னம், யூனியன்லயும் அதான் சின்னம், வேலைநிறுத்தத்துல ஜெயிலுக்குப் போனப்போ களி தின்னதும் அந்தச் சின்னத்துக்காகத்தான். என் ஆளு இப்பிடித்தான், இப்பிடி இருக்கிறதாலதான் என் ஆளு. வீட்டுக்குப் போய் ஒரு வாரம் பேசாம இருப்பேன். ஒரு வாரம் கஷ்டம். ரெண்டு நாள்.

இவர் வரிசையை விட்டு வெளிய வர்றார்.

பின்னாடி நிக்கிறவர்கிட்ட என்னமோ சொல்லிட்டு, குழாய் வரிசையைச் சுத்தி, வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நேரா என்கிட்ட வர்றார். மறுபடி வலியா? ஐயோ சாமி. "என்னங்க? என்ன செய்யுது?"ன்னு கேக்குறேன். வரிசையே திரும்பிப் பார்க்குது.

"ஒண்ணும் செய்யலை, கத்தாத. உன் கண்ணாடியைக் கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுன்னா கழட்டேன். என்னோடதை டிவி மேல வெச்சுட்டு வந்துட்டேன். என் முறை வரப்போவுது."

நான் அவர் மூஞ்சியவே பார்க்கிறேன். இவருக்கு எதுக்குக் கண்ணாடி? கண்ணைக் கட்டிவிட்டாலும் குத்துற ஆளுக்கு? அவர் என் கண்ணைப் பார்க்காம என் தோளுக்கு மேல எங்கேயோ சுவத்துல எழுதியிருக்கிற 'கல்வியே செல்வம்'ங்கிறதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். காதெல்லாம் சிவந்து கெடக்கு. இந்தக் காது இதுக்கு முன்னாடி இப்பிடிச் சிவந்தது பொண்ணு பார்க்க வந்த அன்னைக்குத்தான். கண்ணாடியைக் கழட்டினேன். முந்தானையால நல்லாத் தொடைச்சேன், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், ஒரு தூசி இருக்கக் கூடாதுன்னு. கொடுத்தேன்.

"சீக்கிரம் வந்துருவேன்"னு சொல்லிட்டு, என் கண்ணாடியைப் போட்டுக்கிட்டே போறார். பொம்பளைக் கண்ணாடி, ஓரத்துல ரோஸ் கலர், கூட்டத்துல யாரோ சிரிக்கிறாங்க. சிரிங்கடா. இதைவிட அழகா ஒரு ஆம்பளையை நான் பார்த்ததில்லை. அவர் உள்ள போறார், நெழலா, கலங்கலாத் தெரியுது, அது கண்ணாடி இல்லாததாலயா கண்ணுல தண்ணியாலயான்னு பிரிச்சுச் சொல்ல முடியலை. "நகருங்கம்மா, உங்க முறைதான்"னு யாரோ தோளைத் தொடுறாங்க. உள்ள போனேன். பேரைப் படிச்சாங்க, விரல்ல குளுகுளுன்னு மை, அட்டை மறைப்புக்குப் பின்னாடி மிஷின். குனிஞ்சு பார்க்கிறேன். ரெண்டு கறுப்புப் புள்ளி. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மாமியார் எது நாத்தனார் எதுன்னு கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தேன், ரெண்டும் ஒண்ணுபோலவே இருந்துச்சு. சிரிப்பு வந்துருச்சு எனக்கு. எதையோ ஒண்ணை அமுக்கினேன், பீப்னு கத்துச்சு. வாழ்க்கையில மொத தடவையா யாருக்குப் போட்டேன்னு எனக்கே தெரியாம வெளிய வந்தேன்.

வராண்டாப் படியில நிக்கிறார். கண்ணாடியை நீட்டுறார். போட்டுக்கிட்டேன், உலகம் தெளிஞ்சுச்சு, மொதல்ல தெரிஞ்சது அவர் விரல்ல இருந்த மை. அதைப் பிடிச்சுப் பார்க்கணும்போல இருந்துச்சு. என் ஓட்டு என் விரல்ல இல்லை, அங்கதான் இருக்குன்னு நல்லாத் தெரிஞ்சுச்சு. கேட்டைத் தாண்டி நடந்தோம். சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், வேட்பாளர் நிக்கலாம்னு விட்டிருக்கிற எடத்துல, ரெண்டு கட்சிக்காரனும் பந்தல் போட்டு மோர் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், ஜெயா மட்டும் குடையைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நிக்கிறா, முகமெல்லாம் கறுத்துப் போய். மாமியார் கட்சி வட்டச் செயலாளர் எந்திரிச்சு, "வாங்கண்ணே, முடிஞ்சுதா, மோர் சாப்பிடுங்க"ன்னு கூப்பிடுறான். இவர் கும்பிடு போட்டுட்டு நிக்காம நடக்கிறார். ஜெயாகிட்ட வந்ததும் நின்னுட்டார். அவ குடையை ஒதுக்கிப் பிடிச்சு, திட்டு வாங்கத் தயாரா நிக்கிற மாதிரி நிக்கிறா.

"இந்தாம்மா, ஜெயக்கொடி"ன்னார். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "கவுன்சிலர் ஆயிட்டோம்னு மாவுக்கடையை மூடிறாத. காலையில இட்லிக்கு நான் எங்க போவேன்?"